தாக்குதலும் தற்காப்பும்: அமெரிக்கக் காற்பந்தின் சாதனை எண்கள்

காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் உதைத்தாடும் ஆட்டமே. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவதோ, நீளுருண்டைப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எல்லை கடத்தும் வேறோர் ஆட்டமாகும். அதன் தொழில்முறைக் கழகம் 1920இல் தோன்றி, 1922இல் ‘நேஷனல் ஃபுட்பால் லீக்’ எனப் பெயர் பெற்றது.

பந்துடன் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது ‘டச் டவுன்’. அதற்கு 6 புள்ளிகள். அதனையடுத்துப் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1 புள்ளி. ஆட்டத்தினூடே உதைத்துப் பெறும் ‘ஃபீல்டு கோல்’ 3 புள்ளிகள் தரும். பந்து வைத்திருப்பவரை அவர்தம் எல்லைக்குள்ளேயே மடக்கினால், மடக்கிய அணிக்கு 2 புள்ளிகள். இக்காலத்தில் ஓரணியிலேயே தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு. மதில் வளைத்தலை உழிஞை என்றும் மதில் காத்தலை நொச்சி என்றும் தனித்தனித் திணைகளாக வகுத்த புறப்பொருள் வெண்பாமாலையைக் கற்றோர்க்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும்.

தாக்குதற் சாதனைகள்

1929இல் சிகாகோ கார்டினல்ஸ் அணியின் எர்னி நெவர்ஸ் ஒரே ஆட்டத்தில் 6 டச் டவுன்களும் 4 கூடுதல் புள்ளிகளுமாக 40 புள்ளிகள் ஈட்டினார். அவர் அணி பெற்ற மொத்தப் புள்ளிகளும் அவையே. 1966இல் வாஷிங்டன் அணி நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியை 72–41 என வென்றது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 113 புள்ளிகள் குவித்தமை பெருஞ்சாதனையாகும்.

இவற்றினும் புகழ்பெற்றது 1940 டிசம்பர் 8இல் நிகழ்ந்த இறுதியாட்டம். மூன்று வாரங்களுக்கு முன் 7–3 எனத் தம்மை வென்ற வாஷிங்டன் அணியைச் சிகாகோ பேர்ஸ் அணியினர் 73–0 என வீழ்த்தினர். அவர்தம் 11 டச் டவுன்களுள் மூன்று, எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பெற்றவை. தடுத்தலே தாக்குதலாகவும் அமையும் என்பதற்கு இது தக்க சான்று.

தற்காப்புச் சாதனைகள்

1927இல் ஜயண்ட்ஸ் அணி 13 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தவை 20 புள்ளிகளே. எனினும் அக்காலத்தில் பந்தெறிதல் அரிது, புள்ளிகளும் அரிது. 1943இல் டெட்ராய்ட் லயன்ஸும் ஜயண்ட்ஸும் 0–0 எனச் சமன் செய்தன; அத்தகைய முடிவு அக்கழகத்தில் பின்னர் நிகழவே இல்லை. 1977இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 14 ஆட்டங்களில் 129 புள்ளிகளே கொடுத்தது. அடுத்த ஆண்டே, பந்தைப் பெற ஓடுபவரை 5 கெஜத்திற்கு அப்பால் மறித்தல் ஆகாது என விதி வந்தது. தற்காப்போர் பணி கடினமாயிற்று. அவ்விதிக்குப் பின்னரும் 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளே கொடுத்தது அருஞ்செயலாகும். ஆதலின் ஆண்டறியாது எண்களை ஒப்பிடுதல் பொருந்தாது.

இரண்டும் வேண்டும்

ஒன்றே போதுமா எனின், போதாது. அந்த ஃபால்கன்ஸ் அணி ஏழு வெற்றி, ஏழு தோல்வியுடன் அடுத்த சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2013இல் டென்வர் பிராங்கோஸ் 606 புள்ளிகள் குவித்து வரலாறு படைத்தது. ஆயினும் 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், அப்பருவத்தில் மிகக் குறைந்த புள்ளிகள் கொடுத்த சியாட்டில் சீஹாக்ஸ் அணியிடம் 8–43 எனத் தோற்றது.

இறுதியாக ஒன்று. பந்தெறிபவரை எறியுமுன் வீழ்த்தும் ‘சாக்’ என்னும் செயலைக் கழகம் முறையாகக் கணக்கிடத் தொடங்கியது 1982இல்தான். 1961 முதல் 1974 வரை ஆடி, அச்சொல்லையே பரப்பிய டீக்கன் ஜோன்ஸின் பெயர் ஆகவே அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. பிற்கால ஆய்வாளர் பழைய ஆட்டக் குறிப்புகளைத் துருவி, 1960 வரை பின்சென்று எண்ணியுள்ளனர். அடித்தவன் பெயர் உடனே ஏறுகிறது. காத்தவன் பெயரைத் தேடித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சாதனைப் பட்டியலைப் புரட்டும் மாணவர், அதில் எண்ணப்பட்டவற்றோடு எண்ணப்படாதவற்றையும் கருதுவாராக.