அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்

சென்னை, மதுரை, கோயம்புத்தூர் போன்ற பட்டணங்களில், மாடி வீடுகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கிற மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி, அவற்றின் வாசற்படியை ஒரு நாளேனும் மிதித்தறியாதவர்களே மிகத் தீர்மானமான அபிப்பிராயம் உடையவர்களாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டதென்றால் படிப்பின் தரமும் குறைந்திருக்கத்தான் வேண்டும் என்பது அவர்களுடைய அனுமானம். தெருவோரத்துக் குடியிருப்புகள் அகற்றப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வெளியே குடியேற்றப்பட்டதும், அடுத்த சந்தில் ஆங்கிலப் பெயர் தாங்கிய தனியார் பள்ளியொன்று வேன் விட்டதும் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. தொகையைக் கொண்டு தரத்தை ஊகிப்பது நியாயமன்று. ஆனால் அந்தப் பள்ளிக்குச் சட்டப்படி எத்தனை ஆசிரியர்கள் உரியவர்கள் என்பதைத் தொகையைக் கொண்டு நிச்சயமாக அறியலாம். பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை.

2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், 121 முதல் 200 வரை ஐவர் இருக்க வேண்டுமென்றும், 150க்கு மேற்பட்டால் அந்த ஐவருக்குப் புறம்பாகத் தலைமை ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆக, 58 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். அவ்விருவரில் ஒருவரே தலைமை ஆசிரியரும் ஆவார். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ புறப்பட்டுப் போகும் நாளில், மற்றவர் ஒண்டியாக ஐந்து வகுப்புகளையும் கட்டிக் காக்க வேண்டும். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இங்கே உண்டென்று வாசற் பலகை பெருமையுடன் அறிவிக்குமானால், அந்த இரண்டு வழிகளுக்கும் அதே இருவர்தாம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். ஆதலால் விசாரிக்கப் போகிறவர்கள், எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலியாக இருப்பவை எத்தனை, சென்ற வாரத்தில் எல்லா ஆசிரியர்களும் ஒருங்கே பள்ளியில் இருந்த நாட்கள் எத்தனை என்றும் கேட்பது உத்தமம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே.

இங்கே பெரும்பாலோர் கவனிக்கத் தவறுகிற ஒரு சூட்சுமம் உண்டு. ஆகஸ்டு முதல் தேதியன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் தொகையை ஆதாரமாகக் கொண்டே பணியாளர் நிர்ணயம் செய்யப்படுகிறது. தொகை குறைந்தால் ஆசிரியர் ஒருவர் ‘உபரி’ என்று கணிக்கப்பட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். தொகை 60ஐத் தாண்டினால் மூன்றாவது ஆசிரியரைக் கோருவதற்குப் பள்ளிக்கு உரிமை பிறக்கும். ஒரே தெருவில் வசிக்கும் நான்கைந்து குடும்பங்கள், தனித்தனியே வந்து பார்த்து, இங்கே ஆசிரியர் போதவில்லை என்று தனித்தனியே திரும்பிப் போய்விடுகின்றன. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால், எந்தக் குறையைக் கண்டு விலகினார்களோ அந்தக் குறையை நிவர்த்திக்கும் பாத்தியதை அவர்களாலேயே உண்டாகியிருக்கும். இதனால் நாளைக்கே ஆசிரியர் வந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்குச் சட்டத்தின் பலம் கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன்.

வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்கும் பெற்றோர் சிலர், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒழுங்கீனம் என்று முகம் சுளிப்பதுண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையும், 2022இல் ஆரம்பிக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வகுப்பின் பெயரைக் காட்டிலும் பிள்ளையின் நிலையைப் பார்த்தே குழு பிரிக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளில் தம் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியரிடம் பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். பள்ளியை எடைபோட எனக்குத் தெரிந்த நேரான வழி ஒன்று உண்டு: தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் மூவரை, பாடப் புத்தகத்தை விட்டு, பள்ளி நூலகத்துக் கதைப் புத்தகம் ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. தடுமாறுகிற பிள்ளையை அந்த ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார் என்பதையும் அப்பொழுதே கண்டுகொள்ளலாம். கதைப் புத்தகம் பூட்டிய பீரோவுக்குள் இருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1920லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்த பெருமை சென்னை மாநகராட்சிக்கு உண்டு. இன்று நண்பகல் சத்துணவோடு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சேர்ந்திருக்கிறது. சமையற் கூடத்தையும் கை கழுவும் குழாயையும் பிற்பகல் பன்னிரண்டரை மணிக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

கட்டடத்தைப் பற்றி மாத்திரம் தாட்சண்யம் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையான அந்தப் பள்ளியில் கூரை கீற்றாலானது, படிக்கட்டு குறுகலானது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். இவ்விரண்டும் தனியார் நிர்வாகத்தின் கீழிருந்த பள்ளிகளே. ஆயினும் பழைய கட்டடத்தில் இயங்குகிற மாநகராட்சிப் பள்ளிக்கு அந்தப் பாடம் பொருந்தாது என்று எவரும் சொல்ல முடியாது. சுவரில் ஓடும் விரிசல், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்து கிடக்கும் மின் பெட்டி, நேரே சாலையில் திறக்கும் வாசல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட இடம், மாற்றுத்திறனுள்ள பிள்ளை தடையின்றி உள்ளே வருவதற்குரிய வழி ஆகிய யாவும் மேற்சொன்ன அட்டவணையில் அடங்கியவை; பள்ளி சிறியது என்பதற்காக இவற்றில் ஒன்றையும் சட்டம் தள்ளுபடி செய்யவில்லை.

சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றோ, பருவம் தப்பி வந்தீர்களென்றோ பிள்ளையைத் திருப்பியனுப்புவது சட்ட விரோதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்முகத் தேர்வு வைத்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாயும், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாயும் வரை அபராதம் உண்டு. நன்கொடை என்ற பெயரில் வாங்கினால், வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குரிய 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை எண்ணி ஒன்றாம் வகுப்பிலேயே கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

குறை கண்டவிடத்து யாரிடம் முறையிடுவது என்பதில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். முதற் படி பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தால், குழு உயிரோடிருக்கிறதா, கையெழுத்துக்காக மாத்திரம் இருக்கிறதா என்பது புலப்படும். அங்கே தீராததைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் உள்ளாட்சி அதிகாரிகளிடம் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தியில்லையேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மாநகராட்சிப் பள்ளியென்றால் மாநகராட்சிக் கல்வித் துறைக்கும், பட்டண எல்லைக்குள் வந்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழேயே இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மனுவை அனுப்ப வேண்டும். விலாசம் மாறிய மனு மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும். காலிப் பணியிட விவரம் மறுக்கப்பட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து 30 நாட்களில் பதில் பெறலாம். அடித்தலும் மனம் நோகப் பேசுதலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவினால் தடுக்கப்பட்டவை. இவற்றுக்குக் குழுக் கூட்டம் வரையில் காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ, கல்வித் துறையின் 14417 எண்ணையோ உடனே அழைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மனம் ஒப்பவில்லையானால், வேறொரு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் கைக்கு வந்து சேரவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ முடியாது. தனியார் பள்ளியில் கட்டண பாக்கிக்காகச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டு, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும், இந்தப் பிரிவைச் சொல்லி, அடுத்த நாள் காலையிலேயே தெருக்கோடிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடலாம்.