குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் (மருத்துவக் கல்வி)

குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்பது எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு முதலே சில கிராமக் குடும்பங்களைப் பொறுப்பேற்று, அவற்றின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் பயிற்சியாகும். தேசிய மருத்துவ ஆணையம் இதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்துள்ளது. விருப்பத்தின் பேரில் நடக்கும் ஒருநாள் மருத்துவ முகாமிலிருந்து இது வேறுபட்டது. முகாம் மாலையில் முடிந்துவிடும்; இங்கு மாணவர் அதே வீட்டுக்குப் பலமுறை செல்ல வேண்டும்.

மாணவரின் பணி

உயரம், எடை, இரத்த அழுத்தம் அளத்தல், தடுப்பூசி விவரம் கேட்டறிதல், குடிநீர், கழிப்பறை வசதிகளைக் குறித்துக்கொள்ளுதல் ஆகியவை மாணவர் செய்யக்கூடியவை. அவர் பதிவு பெற்ற மருத்துவர் அல்லர். தாமாக மருந்து எழுதித்தர இயலாது. நோய் ஐயம் எழுந்தால் ஆசிரியரிடம் தெரிவித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப உதவ வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில்

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. எல்லையோர மாவட்டமாதலால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் பல வீடுகளின் பேச்சுமொழி. ஓசூர் தொழிற்பேட்டைகளில் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் உள்ளனர்; வேலை மாறினால் குடியிருப்பும் மாறும். எனவே மொழி தெரியாமலோ, தொடர்ந்து செல்லாமலோ எடுக்கும் குறிப்பால் பயன் குறைவு.

தொடர்ச்சி

மாணவர் படிப்பு முடிந்து சென்றுவிடுவார்; சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வாழ்நாள் முழுதும் தொடரும். இவற்றுக்கு வீட்டிலேயே மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாணவர் கண்டறிந்த நோயாளியின் விவரம் இத்தகைய நிலையான ஏற்பாட்டிடம் சேர்ந்தால்தான் அக்குடும்பத்துக்குப் பயன் கிட்டும். இல்லையேல் அது மாணவரின் பதிவேட்டோடு நின்றுவிடும்.