கேட்காத வழிபாடு

பதில் சொல்லும் கடவுள் இல்லையென்றால் யாரை நோக்கிக் கைகூப்புவது? சமணர்கள் நெடுங்காலமாக இந்தக் கேள்வியோடுதான் வழிபட்டு வருகிறார்கள். உலகைப் படைத்த கடவுளை அவர்கள் ஏற்பதில்லை. கோயிலில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பை வென்றவர். எவர் வேண்டுதலுக்கும் இரங்கி வரம் தருவதில்லை. முதன்மை மந்திரமான நமோகாரத்தில் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என ஐவகையினருக்கு வணக்கம் மட்டுமே. மகாவீரர் பெயர்கூட வராது. பல கோயில்களில் பலகைமேல் அரிசியால் சுவஸ்திகம் இட்டு, அதன்மேல் மூன்று சிறு குவியல், அதற்கும் மேலே பிறையும் புள்ளியும் வைக்கிறார்கள்; இவை முறையே நால்வகைப் பிறப்பு, நற்காட்சி முதலான மும்மணிகள், விடுதலை ஆகியவற்றைக் குறிக்கும். படைத்ததைப் பிரசாதமாகத் திரும்பப் பெறுவதும் இல்லை. கொடுக்கல் வாங்கலே இல்லாத இடத்தில் மாற வேண்டியது வணங்குபவரின் மனம்தான்.

காவல் தெய்வமான பத்மாவதி யட்சியிடம் பலன் கேட்கும் சமணர்கள் உண்டே எனலாம். உண்மைதான், துயரத்தில் இருப்பவர் கேட்காமல் இருப்பது கடினம். அதனால் கேட்காத வழிபாடு பொருளற்றதாகிவிடாது. மனப்பயிற்சிக்குக் கோயில் எதற்கு, வீட்டிலிருந்தே நினைத்தால் போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. போதாது என்றே கருதுகிறேன். வெறும் நினைப்பு நொடியில் நழுவிவிடும். அரிசியைப் பரப்பும் கைதான் அலைகிற மனத்தைச் சற்று நேரமாவது நிறுத்துகிறது. சமண வழிபாட்டை நேரில் காண, திண்டிவனம் பக்கம் போகிறவர்கள் மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயிலுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். தமிழ்ச் சமணர்களின் மடமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.