மான்செஸ்டர் விற்றது... நேப்பிள்ஸ் தலையில் வைத்துக் கொண்டாடியது! யார் இந்த மெக்டோமினே?

2024 ஆகஸ்ட் 30. இங்கிலாந்து கிளப்புகள் வீரர்களை வாங்கவும் விற்கவும் அதுதான் கடைசி நாள். அன்று மான்செஸ்டர் யுனைடெட், 27 வயது ஸ்காட் மெக்டோமினேயை சுமார் 3 கோடி யூரோவுக்கு இத்தாலியின் நபோலிக்குக் கொடுத்தது. ஒன்பதே மாதத்தில் அவர் இத்தாலி லீக்கின் சிறந்த வீரர்!

சின்ன வயசிலேயே யுனைடெட் அகாடமிக்கு வந்தவர். பிறந்தது இங்கிலாந்தின் லங்காஸ்டரில். அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பதால், 2018-ல் ஸ்காட்லாந்தைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டு யுனைடெட் பயிற்சியாளர் மொரினியோ, இவருக்காகவே 'மேனேஜரின் சிறந்த வீரர்' என்று புதுசாக ஒரு விருதை உருவாக்கிக் கொடுத்தார்.

அப்புறம் ஏன் விற்றார்கள்? காரணம், கணக்குப் புத்தகம். அப்போது பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் இவ்வளவுதான் நஷ்டம் காட்டலாம் என்று வரம்பு இருந்தது. காசு கொடுத்து வாங்கிய வீரரை விற்றால், வாங்கிய விலையில் இன்னும் கணக்கில் கழிக்காத பகுதி போகத்தான் லாபம். சொந்த அகாடமியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலையே கிடையாது. விற்கும் தொகை மொத்தமும் லாபம்! ஆக, வீட்டுப் பிள்ளையை விற்பதுதான் வசதி. விநோதமான விதிதான்.

இன்னொரு பிரச்சினை, அவர் ஆடிய இடம். யுனைடெட்டில் பெரும்பாலும் தடுப்பு வேலைதான். ஆனால் ஸ்காட்லாந்து அணியில் முன்னே ஓட விட்டார்கள். 2023 மார்ச்சில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல், 2-0 வெற்றி. யூரோ 2024 தகுதிச் சுற்றில் மட்டும் 7 கோல். அதே அக்டோபரில், பிரென்ட்ஃபோர்டிடம் தோற்கும் நிலையில் கடைசி நேரத்தில் இறங்கி, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு யுனைடெட்டை ஜெயிக்க வைத்தார். கண்ணெதிரே ஆதாரம் இருந்தும் கிளப் யோசிக்கவில்லை.

நபோலி பயிற்சியாளர் கொன்டே அதைப் பிடித்துக்கொண்டார். லுகாகு எதிரணி டிஃபெண்டர்களை இழுத்து வைத்திருக்க, பின்னாலிருந்து தாமதமாக பாக்ஸுக்குள் பாய்வதுதான் மெக்டோமினேயின் வேலை. லீக்கில் 12 கோல். 2025 மே 23, கடைசி ஆட்டத்தில் காலியாரிக்கு எதிராக அந்தரத்தில் பாய்ந்து அடித்த உதை முதல் கோல். 2-0 வெற்றி, இன்டர் மிலானை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் பட்டம். மரடோனாவைக் கும்பிடும் ஊரில், 'மெக்ஃப்ராட்டம்' என்று செல்லப்பெயர். 'ஃப்ராட்டம்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'என் சகோதரா'. நம்மூர் 'தம்பி' மாதிரி! அந்த ஆண்டு பலோன் டோர் பட்டியலில் 18-வது இடம்.

2025 நவம்பர் 18. கிளாஸ்கோவில் டென்மார்க்கை வென்றால் உலகக் கோப்பை வாய்ப்பு. மூன்றாவது நிமிடம், கோலுக்கு முதுகைக் காட்டியபடி எகிறி பின்பக்கமாக ஒரு உதை, கோல்! முடிவு 4-2. 1998-க்குப் பிறகு ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அன்றைக்குத்தான்.