மறதியை அளந்தவர்

பரீட்சைக்கு முதல்நாள் இரவெல்லாம் கண்விழித்து உருப்போடும் பிள்ளைகளைக் கண்டு பூரிக்கும் பெற்றோர், பெர்லின் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஞாபகசக்தி ஆராய்ச்சியைச் சற்றே அறிந்திருந்தால், அந்தப் பூரிப்பைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

பொருள் இருந்தால் மனம் அதைப் பற்றிக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும் என்று கருதி, அர்த்தமற்ற அசைகள் சுமார் 2,300 உண்டாக்கி, கடிகார ஒலிக்கு இசைய நிமிஷத்துக்கு 150 வீதம் அவற்றை ஓதி, தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொண்டார் அவர். மனனமானதைச் சில காலம் கழித்து மறுபடி கற்கையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். இருபது நிமிஷத்தில் அந்த மிச்சம் 58 சதவிகிதமாகவும், ஒரு மணியில் 44 ஆகவும், மறுநாள் 34 ஆகவும் சரிந்தது. ஆனால் ஒரு மாதம் சென்ற பின்னும் 21 நின்றது. மறதியின் கொள்ளை முதல் நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது! அன்றைய பாடத்தை அன்றே திருப்பிப் பார்ப்பதன் நியாயம் இதுதான்.

இன்னொரு முடிவு மேலும் சுவையானது: 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 தடவை ஓதியதால் மறுநாள் கிட்டிய ஆதாயம், மூன்று நாட்களில் பிரித்து 38 தடவை ஓதியபோதே கிட்டிவிட்டது. ஒரே மனிதரின் சோதனை, அதுவும் அர்த்தமற்ற அசைகளில், என்று ஆட்சேபிப்பது நியாயமே. பொருள் விளங்கிய பாடம் இத்தனை விரைவாகக் கரைவதில்லை. ஆயினும் பிரித்துப் படிப்பதன் பலனைப் பிற்கால ஆராய்ச்சிகளும் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தியுள்ளன.

இந்தத் தத்துவத்தை ஜெர்மனியில் வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர், 1972-இல் கற்கும் முறை பற்றி நூல் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் என்னும் பத்திரிகையாளர். ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டி; அட்டையின் முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. பாராமல் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறினால், எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடியும் பிந்திய அறைகளை இடைவெளி விட்டும் புரட்டுவதால், தெரிந்ததையே படித்துத் திருப்தியடையும் சோம்பலுக்கு அங்கே இடமில்லை.

நம் வீட்டில் ஒரு பழைய செருப்புப் பெட்டியே இதற்குப் போதும். அட்டைகளை மட்டும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும், பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டாம்.