இலண்டன் மாடி பஸ்ஸும் மலைநாட்டு வீதியும்

ஒரு பொருளின் நன்மை தீமை அப்பொருளில் மாத்திரம் அமைவதன்று. அது வழங்கும் இடத்தையும் பொறுத்ததாகும். தேர் நிலத்துக்குரியது, மரக்கலம் நீருக்குரியது. ஒன்று மற்றதன் களத்தில் பயன்படாது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் அமைத்திருத்தல் யாவரும் அறிந்ததே. மலைநாட்டின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். பின்னர் கோப்பிப் பயிரை நோய் அழித்தபோது மக்கள் துணிந்து தேயிலையை நாடியதற்கு, அச்செடி இம்மண்ணிலும் இக்குளிரிலும் முன்னரே விளைந்து காட்டியமையும் ஒரு காரணமாகும்.

செடிக்குச் செய்த இச்சோதனையை, அச்செடியை வளர்க்கும் மக்களை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கும் செய்தல் வேண்டாமா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, கொழும்பு மாநகர் பிறநாட்டு ஊர்திகளைச் சோதித்த வரலாற்றையும், அதிலிருந்து மலைநாடு பெறத்தக்க படிப்பினையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கொழும்பு கண்ட சோதனைகள்

கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் வண்டி 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிற்று. தண்டவாளத்தை விட்டு விலக இயலாத அவ்வண்டி, வீதியில் மோட்டார் ஊர்திகள் பெருகப் பெருகப் பிறர்க்கு இடையூறாயிற்று. ஆகவே, தலைக்குமேற் சென்ற கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெற்று, றப்பர்ச் சில்லுகளில் ஓடும் துரொலி பஸ் 1953ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலிருந்து தருவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் டிராம் வண்டி மறைந்தது. 1964ஆம் ஆண்டில் துரொலி பஸ்ஸும் மறைந்தது. அறுபத்தைந்து ஆண்டுக்கால மின்சாரப் போக்குவரத்து அவ்வளவில் முடிவுற்றது.

இதனிடையே நாட்டின் பஸ் சேவையிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தனித்தனி வீதிகளுக்கு உரிமை பெற்று நடாத்திய கம்பனிகளின் பஸ்கள் அனைத்தும், 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாளன்று இலங்கைப் போக்குவரத்துச் சபையின் உடைமையாயின. அந்நாளிற் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள் தாமே பஸ்ஸிற் பிரயாணஞ் செய்து அச்சேவையைத் தொடக்கிவைத்தார். பல கம்பனிகளிடமிருந்து வந்த பழுதான பஸ்களும், நாள்தோறும் பெருகும் பிரயாணிகளும் சபையின் முன் நின்றன. பஸ்கள் உடனே தேவைப்பட்டன. விலையும் குறைவாயிருத்தல் வேண்டும்.

அவ்வேளை இலண்டன் மாநகரில் பஸ்கள் மிகுந்து கிடந்தன. உலக யுத்தத்துக்குப் பின்னர் பிரயாணிகள் பெருகுவர் எனக் கருதி இலண்டன் போக்குவரத்து நிருவாகம் ஆர்.ரி. வகை மாடி பஸ்களை ஆயிரக்கணக்கிற் செய்வித்தது. ஆர்.ரி. 4,825, ஆர்.ரி.எல். 1,631, ஆர்.ரி.டபிள்யூ. 500 என அக்குடும்பத்தின் தொகை 6,956 ஆகும். ஆயின் சொந்தக் காரும் தொலைக்காட்சியும் வீடுதோறும் புகவே, மக்கள் பஸ்ஸில் ஏறுதல் குறைந்தது. புதிதாகச் செய்யப்பட்ட சில பஸ்கள் வீதிக்கு வராமலே கொட்டகையிற் கிடந்தன. 1958ஆம் ஆண்டில் பல வாரம் நீடித்த பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பின் சேவைகள் மேலும் குறைக்கப்பட்டன. இவ்வாறு இலண்டனுக்கு மிகையானவை, அடுத்த பத்தாண்டில் நூற்றுக்கணக்காகக் கப்பலேறி இலங்கையை அடைந்தன. காலி வீதியில் அச்செந்நிற மாடி பஸ்கள் விரைந்து சென்ற காட்சியை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர்.

அவை கொழும்பிற்குப் பொருந்தியமைக்குத் தெளிவான காரணங்கள் உள. இலண்டனிலும் இலங்கையிலும் ஊர்திகள் வீதியின் இடப்புறமாகவே செல்கின்றன. ஆதலின் பின்புறத்து ஏறுபடியை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. கொழும்பும் கடற்கரைச் சமவெளியே. தரிப்பிடங்கள் நெருங்கியவை; வீதி அகன்றது. 26 அடி நீளமே கொண்ட ஒரு பஸ்ஸில் 56 பேர் அமரக்கூடியதாயிருந்தமை நெருக்கடி மிகுந்த நகருக்குப் பேருதவியாயிற்று.

கவிழுமென்னும் அச்சம்

இத்தகைய பஸ் மலையேறுமா என வினவின், பலரும் உடனே கூறும் விடை, அது கவிழ்ந்துவிடும் என்பதாகும். இவ்விடை முற்றும் சரியன்று. பிரித்தானியாவில் மாடி பஸ் ஒவ்வொரு வகையையும் வீதிக்கு விடுமுன் ஒரு சாய்வுச் சோதனைக்கு உட்படுத்துவர். மேற்றட்டில் முழுப் பிரயாணிகளின் எடைக்கு நிகரான பாரத்தை ஏற்றி, கீழ்த்தட்டைப் பிரயாணிகளின் பாரமின்றி விட்டு, பஸ்ஸை ஒரு மேடையில் நிறுத்திப் பக்கவாட்டிற் சாய்ப்பர். 28 பாகை சாய்ந்தும் அது கவிழலாகாது. இயந்திரம், அடிச்சட்டம், அச்சு முதலிய கனத்த பாகங்கள் யாவும் தாழ அமைந்திருத்தலின் பஸ் இச்சோதனையில் தேறுகின்றது.

மலைநாடு அதனை ஏற்காமைக்குரிய காரணங்கள் வேறு. முதலாவது, அதன் உயரம். பதினான்கு அடிக்கு மேல் உயர்ந்த உடல், மலைச்சரிவை வெட்டி அமைத்த வீதியில், நீட்டி நிற்கும் பாறைக்கும் தாழ்ந்த மரக்கிளைக்கும் அஞ்சியே செல்லவேண்டும். வளைவிலே எதிரூர்திக்கு இடங்கொடுத்து ஓரமாய் ஒதுங்குங்கால் இவ்விடர் இரட்டிக்கும். ஏனைய காரணங்கள் கண்ணுக்குத் தோன்றாதவை. அவை மாடி பஸ்ஸுக்கு மாத்திரமன்றிச் சமவெளிக்கெனச் செய்யப்பட்ட எந்தப் பஸ்ஸுக்கும் பொருந்துவனவாதலின் அவற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

மலை கேட்கும் மூன்று கேள்விகள்

மலை ஓர் ஊர்தியிடம் கேட்கும் முதற்கேள்வி மூச்சைப் பற்றியது. டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதினும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே, காற்றைத் தானே உறிஞ்சும் பழைய வகை இயந்திரம், தன் முழு வலிமை தேவைப்படும் ஏற்றத்திலேயே வலிமை குன்றுகின்றது. எரியாத டீசல் கரும்புகையாய் வெளியேறும். காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பொருத்திய இயந்திரம் இக்குறையைப் பெரிதும் நீக்கவல்லது.

இரண்டாவது கேள்வி வெப்பத்தைப் பற்றியது. உயரத்தில் நீர் விரைவிற் கொதிக்கும். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிநிலையை அடையும். மெதுவாக ஏறும் பஸ்ஸின் முன்புறத்தை மோதும் காற்றும் குறைவு. ஆகவே குளிர்ந்த மலையிலும் இயந்திரம் கொதிக்கக் காண்கின்றோம்.

மூன்றாவது கேள்வியே உயிர்நிலையானது. அஃது இறக்கத்தைப் பற்றியது. பிரயாணிகளுடன் 10 தொன் எடையுள்ள ஒரு பஸ் நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குவதாகக் கொள்வோம். அது தாழ்வது 1,300 மீற்றருக்கு மேலாகும். அவ்வீழ்ச்சியில் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 400 லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. இதில் ஒரு பங்கைச் சில்லுகளின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை இயந்திரமாவது பிறேக்காவது ஏற்றே தீரவேண்டும்.

சாரதி தாழ்ந்த கியரிலே இறக்கினால் இயந்திரமே பஸ்ஸைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். உயர்ந்த கியரிலே இறக்கிப் பிறேக்கை மிதித்தபடி வருவாராயின் வெப்பம் முழுவதும் பிறேக்கிற் சேரும். காய்ச்சிய இரும்புருளை விரியும். அதனை அழுத்தும் பட்டையின் பற்றுந்தன்மை குறையும். ஈற்றில் மிதித்தாலும் பஸ் நில்லாது. இலண்டன் பஸ்ஸின் பிறேக் பழுதானதன்று. நூறு யாருக்கு ஒருமுறை நிறுத்திப் புறப்படும் நகரவீதிக்கு அது மிகச் சிறந்ததே. ஆயின் அடிக்கடி நிறுத்துதல் வேறு, மணிக்கணக்காய்த் தாங்கிப் பிடித்தல் வேறு.

மலைநாட்டுக்கு வாய்த்தவை

மாடி பஸ் காலி வீதியில் உலவ, மலைநாட்டுக்கு வாய்த்தவை பெரும்பாலும் ஒற்றைத்தட்டு பஸ்களே. பிற்காலத்தில், சென்னை அசோக் லேலண்ட் நிறுவனத்தின் அடிச்சட்டத்தில் உடல் பொருத்திய பஸ்கள் மிகுதியாக வழங்கலாயின. அந்நிறுவனத்தின் பங்குடன் லங்கா அசோக் லேலண்ட் 1982ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்டது. 1979ஆம் ஆண்டு முதல் தனியார் சேவைக்கு இடமளிக்கப்பட்டபின், யப்பானிற் செய்த சிறிய பஸ்களும் வந்தன.

லொறியின் அடிச்சட்டத்தை ஒத்த அமைப்புடைய பஸ்ஸுக்கு ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு. அதன் வில்லுகள் உறுதியானவை. குழியும் கல்லும் நிறைந்த பாதையைத் தாங்கும். பழுதாயின் ஹற்றனிலேயே திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதன் தளம் உயர்ந்தது. கைக்குழந்தையுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் தாயும், முழங்கால் நோவுடைய முதியவரும் முதற்படியில் ஏறப் படும் பாட்டைத் தோட்டப்புறத்தில் யாரும் காணலாம். சிறிய பஸ்ஸோ வளைவில் எளிதாய்த் திரும்பும். ஆயினும் பாடசாலை வேளையில் அதற்குள் மூச்சுவிடவும் இடமிராது.

தோட்டத்து மக்களுக்கு பஸ் ஒரு வசதி அன்று. வாழ்வின் வாயில் ஆகும். ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா ஆகிய ஊர்களுக்குப் புகைவண்டி உண்டு. மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலைப் பகுதிகளுக்கு இல்லை. நானுஓயாவிலிருந்து இராகலைவரை சென்ற சிறிய புகைவண்டிப் பாதையும் 1940களில் மூடப்பட்டுவிட்டது. லயத்திலிருந்து பெருவீதிவரையுள்ள தோட்டப் பாதைகள் பல பொதுவீதிக்குரிய தரமுடையனவல்ல. பஸ் வாராத இடத்தில் நோயாளியைச் சுமந்து வருவதும், மாணவர் மழையில் மைல் கணக்கில் நடப்பதும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பஸ் வரும் வீதியிலோ வேறோர் அச்சம். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் நானுஓயாவுக்கு அணித்தான ரதல்லைக் குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவரை ஏற்றிய பஸ் வேறு ஊர்திகளுடன் மோதியதில் 7 பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் கொத்மலைப் பகுதியில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றின் காரணங்களை ஆராய்தல் விசாரணை செய்வோரின் கடமை. நாம் கொள்ளவேண்டியது ஒன்றே: பிழை சிறிதாயினும் பள்ளம் பெரிது. ஆதலின் மலைவீதியில் ஓடும் ஊர்திக்கும் சாரதிக்கும் உரிய அளவுகோல் சமவெளியின் அளவுகோலாயிருத்தல் ஆகாது.

இனிச் செய்யத்தக்கது

இன்று உலகம் மீண்டும் மின்சார பஸ்ஸை நாடுகின்றது. சீனாவின் செஞ்சென் நகரம் 2017ஆம் ஆண்டில் தன் 16,000க்கு மேற்பட்ட பஸ்கள் முழுவதையும் மின்கல பஸ்களாக்கிற்று. மலைநாட்டுக்கு இதில் தனிச்சிறப்பொன்று உண்டு. மின்மோட்டாருக்குக் காற்றுத் தேவையில்லை. உயரத்தால் அதன் வலிமை குன்றாது. இறக்கத்திலோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாகிப் பஸ்ஸைத் தடுத்து, வீணே வெப்பமாகக்கூடிய சக்தியில் ஒரு பங்கை மின்கலத்திற்கு மீட்டளிக்கும். ஆயினும் உச்சியிற் புறப்படும்போதே மின்கலம் நிரம்பியிருந்தால் அச்சக்தியை அது ஏற்கமாட்டாது. கனமான மின்கலம் இறங்கும் எடையையும் கூட்டும். செஞ்சென் கடலோர நகரம். அங்கு தேறியது இறம்பொடையிலும் தேறும் எனக் கொள்ளுதல், இலண்டனில் தேறியது எங்கும் தேறும் எனக் கொள்வதை ஒக்கும்.

ஆகவே, மலைநாட்டுக்கென வாங்கும் எந்தப் பஸ்ஸையும் மலைநாட்டிலேயே சோதித்தல் வேண்டும். முழுப்பாரம் ஏற்றிக் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி இறங்கச் செய்து, பிறேக்கின் வெப்பத்தை அளத்தல் வேண்டும். ஹற்றன் – மஸ்கெலியா வீதியில் ஒரு பருவமழைக் காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். முதற்படியின் உயரத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏறச்செய்து அறிதல் வேண்டும். சாரதிக்கு இறக்கத்துக்குரிய தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகுஞ் செலவு ஒரு விபத்தினால் ஆகும் இழப்பின்முன் அற்பமாகும்.

1950ஆம் ஆண்டில் இலக்சபானை நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கி, மலையருவியின் ஆற்றலைக் கொழும்புக்கு அனுப்பிற்று. மூன்றாண்டு கழித்து அந்நகரில் மின்சார பஸ் ஓடிற்று. மின்சாரத்தைப் பெற்றுத் தந்த மலையிலோ அது ஓடவில்லை. அடுத்த முறையேனும் சோதனை மலையடிவாரத்தில் நின்றுவிடாமல் மேலேறி வருமாறு செய்தல் வேண்டும். நம் கல்லூரியிற் கற்றுப் பொறியியலாளராயும், நிருவாகிகளாயும், ஆசிரியராயும் விளங்கும் பழைய மாணவர் இதனைத் தத்தம் துறையில் வற்புறுத்துவாராக.