நிறமும் தூய்மையும்



சில நாட்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் இணுவிலில் என்னைக் காண வந்தார். கடன்பட்டு வாங்கிய புதிய லொறியொன்றினால் குடும்பத்தைக் காப்பாற்றுபவர் அவர். "மாஸ்ரர், லொறிக்கு ஊற்றுகிற யூரியாத் திரவம் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கிறது. முந்தாநாள் உதவிக்கு வந்த பெடியன் அதை டீசல் தாங்கிக்குள் ஊற்றப் பார்த்தான். கொஞ்சம் சலவை நீலம் கலந்து வைத்தால் என்ன?" என்று கேட்டார். அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால் அவர் எண்ணிய பரிகாரம் தவறானது. அதன் காரணத்தை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

டீசல் எஞ்சினின் பெருவெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுக்கள் உண்டாகின்றன. இவை நுரையீரலுக்குத் தீங்கானவை. இவற்றை அடக்கும் பொருட்டே இத்திரவம் வேண்டப்படுகின்றது. இதில் 32.5 வீதம் யூரியா. எஞ்சியது அயன் நீக்கிய தூய நீர். புகைக்குழாயினுள் தெளிக்கப்பட்டதும் யூரியா வெப்பத்தால் அமோனியாவைத் தருகின்றது. அமோனியா, ஊக்கியின் மேற்பரப்பில் நச்சு வாயுவுடன் தாக்கமுற, தீங்கற்ற நைதரசனும் நீராவியும் வெளியேறுகின்றன. இந்தியாவில் 2020 ஏப்பிரல் 1 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அங்குள்ள புதிய லொறிகளிலும் பேருந்துகளிலும் இம்முறை பரவலாயிற்று.

எண்ணெய்க்கு நிறமூட்டும் வழக்கம் புதியதன்று. இந்தியாவில் மானிய விலை மண்ணெண்ணெயை டீசலிற் கலப்போரைக் கண்டறிய, அதற்கு நீல நிறம் ஊட்டினர். பிரித்தானியாவில் வரி குறைந்த டீசல் சிவப்பு நிறமுடையது. அங்கெல்லாம் சாயம் எரிபொருளோடு எரிந்துவிடுகின்றது. யூரியாத் திரவமோ எஞ்சினுள் எரிவதன்று. அதற்கு அப்பால் தெளிக்கப்படுவது. நீர் ஆவியாகும், யூரியா வாயுவாகும். சாயத்திலுள்ள உலோகங்கள் எங்கே போகும்? ஊக்கியின்மேற் படிந்து அதன் ஆற்றலைக் கெடுக்கும். ஒரு கிலோகிராம் திரவத்திற் சோடியமாயினும் கல்சியமாயினும் அரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 'ஐ.எஸ்.ஓ. 22241' என்னும் சர்வதேச நியமம். பழைய வகைச் சலவை நீலத் தூளிலோ சோடியமும் அலுமினியமும் கந்தகமும் உண்டு. அது நீரிற் கரையாததாதலால், தெளிக்கும் துளையையும் அடைத்துவிடும்.

யூரியா என்றவுடன் நம் தோட்டக்காரருக்குப் பசளை மூடையே நினைவுக்கு வரும். அதைக் கிணற்று நீரிற் கரைத்தாற் போதாதோ எனின், போதாது. நமது கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் அமைந்தவை. கேத்தலின் அடியில் வெண்படை படிவதை நாள்தோறும் காண்கிறோம். அந்தக் கல்சியம் ஊக்கிக்குப் பகை. அத்தகைய கலவைக்கு நீலம் ஊட்டினால், பார்ப்பவர் அதனை நல்ல சரக்கென்றே நம்புவர். பிரேசில் நாட்டின் வீதிப் பரிசோதகர்கள் சிறிதளவு திரவத்தை எடுத்து, எரியோக்குரோம் பிளாக் என்னும் காட்டியை அதில் இடுவர். தூய திரவம் நீலமாகும். கடின நீர் கலந்தது இளஞ்சிவப்பாகும். சோதனைக்கு எடுத்த துளியில் இடும் நிறம் உண்மையைக் காட்டும். தாங்கியில் இடும் நிறம் அதனை மறைக்கும்.

அப்படியாயின் தவறைத் தடுப்பது எங்ஙனம்? நிறத்தைத் திரவத்தில் இடாது பாத்திரத்தில் இடுங்கள். இத்திரவத்தின் தாங்கிக்கு நீல மூடி இருப்பது இதற்காகவே. கலனுக்கும் புனலுக்கும் நீல வர்ணம் பூசி, அவற்றை வேறெதற்கும் பயன்படுத்தாது, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தவறுதலாக டீசல் தாங்கியில் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்கவே கூடாது. சாவியைத் திருப்பாமல் திறமையான மெக்கானிக்கை அழையுங்கள். தாங்கியைக் கழுவும் செலவு சிறிது. எரிபொருட் பம்பியையும் அதனோடு சேர்ந்தவற்றையும் மாற்றும் செலவு பெரிது.

என் மாணவர் மறுநாளே புனலுக்கும் கலனுக்கும் நீலம் பூசிவிட்டார். திரவம் தெளிந்த நீராகவே இருக்கின்றது, லொறியும் ஓடுகின்றது.